எரிந்த ஃப்ளைட் கன்ட்ரோலருக்கு 858டி ஹாட் ஏர் போதுமா?

858டி என்பது எந்தக் கம்பெனிக்கும் சொந்தமான பெயர் அல்ல. ஒரே அச்சில் வார்த்தது போன்ற பெட்டி, அதே எண், மேலே ஒட்டிய லேபிள் மட்டும் ஆளுக்கொன்று. சால்டரை உருக்கச் சூடான காற்றை ஊதும் மலிவு ரக ஹாட் ஏர் ஸ்டேஷன் என்றால் பெரும்பாலும் கைக்கு வருவது இதுதான். மல்டிரோட்டர் ட்ரோன் பறக்கவிடுபவர்கள் இதை வாங்கலாமா என்று யோசிக்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்றே: பேட்டரியைச் செருகியதும் 'டப்' என்று ஒரு சத்தம், மெல்லிய புகை, கருகிய வாடை, அதன்பின் யுஎஸ்பி செருகினாலும் எல்இடி எரியாத ஒரு ஃப்ளைட் கன்ட்ரோலர், அதாவது ட்ரோனின் மூளையான போர்டு. அந்த ஒரு வேலைக்கு இது எவ்வளவு தாங்கும் என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். எரிந்தது வோல்ட்டேஜைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டரோ, சுழற்சியை உணரும் ஜைரோவோ என்றால் தாராளமாகப் போதும். ப்ராசசரே போயிருந்தால் முடியும், ஆனால் மெனக்கெட வேண்டும். மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சியும் சேர்ந்த ஆல்-இன்-ஒன் போர்டில், மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட்டை மாற்றுவதற்கு இது மட்டும் போதாது, அடியிலிருந்து சூடேற்றும் ப்ரீஹீட்டரும் வேண்டும். இன்னொன்று: எரிந்த போர்டைப் பிழைக்க வைப்பதில் பாதிக்கு மேல் மல்டிமீட்டரின் வேலை. ஹாட் ஏரை கையில் எடுப்பது கடைசியில்தான்.

பெட்டியைப் பிரித்ததும்

ஊதும் மோட்டார் கைப்பிடிக்குள்ளேயே இருக்கிறது. பழைய 850 வகையில் பெட்டிக்குள் பம்பு இருக்கும், குழாய் வழியாகக் காற்று வரும். கைப்பிடியில் ஃபேன் இருப்பதால் காற்று நிறைய வருகிறது, அழுத்தம் மட்டும் குறைவு. இதற்கு நேரடியான ஒரு விளைவு உண்டு. 3 மில்லிமீட்டர் போன்ற குறுகிய நாசிலை மாட்டினால் காற்று வெளியேற வழியின்றி ஹீட்டர் தன்னையே வாட்டிக்கொள்ளும். போர்டுக்கும் சூடு போய்ச் சேராது. ஃப்ளைட் கன்ட்ரோலர் வேலைக்கு 5 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர் நாசில்கள் போதும். ப்ராசசருக்கு 10.

கைப்பிடியைத் தாங்கியில் வைத்தால் அதிலுள்ள காந்தம் சுவிட்சை இயக்கி ஹீட்டரை நிறுத்துகிறது. சூடு 100 டிகிரிக்குக் கீழ் இறங்கும்வரை ஃபேன் ஓடி, பிறகு தானே அடங்குகிறது. நல்ல ஏற்பாடு. ஃபேன் நிற்பதற்குள் மெயின் சுவிட்சை அணைக்கும் பழக்கம்தான் ஹீட்டரைச் சீக்கிரம் சாகடிக்கும்.

குறை எங்கே என்றால் உள்ளே இருக்கும் மெயின்ஸ் ஒயரிங்கில். இந்த வகையில் பல பெட்டிகள், சுவிட்ச் நியூட்ரலில் போடப்பட்டும் எர்த் சரியாக இணைக்கப்படாமலும் வருவது தெரிந்த விஷயம். கைப்பிடிக்குள் மெயின்ஸ் மின்சாரம் ஓடுகிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, பிளக்கைச் செருகும் முன்பே பார்த்துவிட வேண்டும். மல்டிமீட்டரின் ஒரு முனையை பிளக்கின் எர்த் பின்னிலும் மறுமுனையை நாசிலின் உலோகக் குழாயிலும் வையுங்கள். ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும். திறந்த சுற்று என்று வந்தால் அதைச் சரிசெய்யாமல் தொடாதீர்கள். உங்கள் உயிருக்கு மட்டுமல்ல, மேசையில் கிடக்கும் ஜைரோவுக்கும் எர்த் தேவை.

திரையில் காட்டும் எண்ணை நம்பி வேலை செய்ய முடியாது. சென்சார் ஹீட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. நாசிலுக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே போர்டில் விழும் காற்று அதைவிடப் பல பத்து டிகிரி குறைவு. ஒரு பெட்டிக்கும் இன்னொரு பெட்டிக்கும் வேறுபாடும் இருக்கிறது. கே-டைப் தெர்மோகப்பிள் இருந்தால் அளந்துகொள்ளலாம். இல்லாவிட்டால் செத்த போர்டு ஒன்றின் மேல் 63/37 ஈய சால்டர் (63% வெள்ளீயம், 37% ஈயம்) துண்டு ஒன்றை வைத்து ஊதிப் பாருங்கள். அது 183 டிகிரியில் உருகும். தொழிற்சாலையில் போடும் ஈயமற்ற சால்டர் 217 முதல் 220 டிகிரி கேட்கும். இரண்டும் எந்த எண்ணில், எத்தனை நொடியில் உருகுகின்றன என்று குறித்து வைத்தால் அதுதான் உங்கள் பெட்டிக்கான அளவுகோல். கீழே சொல்லும் எண்களையும் அதற்கேற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

எரிவது எது, ஏன்

'போர்டு எரிந்துவிட்டது' என்றால் பலரும் ப்ராசசர்தான் போயிற்று என்று முடிவுகட்டுகிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. பேட்டரி மின்சாரம் முதலில் வோல்ட்டேஜை இறக்கும் பக் கன்வெர்ட்டருக்குப் போய் 5 வோல்ட்டாகிறது. அங்கிருந்து எல்டிஓ எனப்படும் சின்ன ரெகுலேட்டர் அதை 3.3 ஆக்கி ப்ராசசருக்கும் ஜைரோவுக்கும் தருகிறது. ஒவ்வொன்றும் அடுத்ததற்கு முன்னால் நிற்கும் கதவு. எந்தக் கதவுவரை உடைந்தது என்பதுதான் கேள்வி.

6எஸ் பேட்டரி (ஆறு செல் தொடராக உள்ளது) முழுதாக ஏறியிருந்தால் 25.2 வோல்ட். எக்ஸ்டி60 பேட்டரி கனெக்டரைச் செருகும் அந்த நொடியில் ஒயரின் இண்டக்டன்ஸும் போர்டின் செராமிக் கெபாசிட்டரும் சேர்ந்து ஊஞ்சலாடி, வோல்ட்டேஜை ஏறக்குறைய இரு மடங்குவரை துள்ளவைக்கும். ஈஎஸ்சியின் பேட்டரி பேடில் (ஒயரைப் பற்றவைக்கும் செம்புத் திட்டு) லோ-ஈஎஸ்ஆர், அதாவது உள்தடை குறைந்த கெபாசிட்டர் இல்லாத ட்ரோன்களில் பக் கன்வெர்ட்டர் சாவது இப்படித்தான். அது உள்ளுக்குள் ஷார்ட் ஆகிச் செத்தால் பேட்டரி வோல்ட்டேஜ் அப்படியே 5 வோல்ட் பாதையில் பாயும். சாதாரண எல்டிஓக்கள் தாங்கும் உள்ளீடு 5.5 முதல் 6.5 வோல்ட்தான். அதுவும் குறுக்கே ஷார்ட் ஆனால் ப்ராசசரில் 3.3க்குப் பதில் பல வோல்ட். பல போர்டுகளில் ப்ராசசராக இருக்கும் எஸ்டிஎம்32 எஃப்405க்கு உச்ச வரம்பு 4.0 வோல்ட். அதைத் தாண்டினால் கதை முடிந்தது.

மற்றவை எல்லாம் கைப்பிழை. கேமரா ஒயர் தேய்ந்து கார்பன் ஃபைபர் சட்டத்தில் படுவது, கார்பன் ஃபைபரில் மின்சாரம் பாயும் என்பதை மறந்துவிடுவது, நீளம் கூடிய ஸ்க்ரூ பேடைத் தொடுவது, பேட்டரி ஒயரை மாற்றிப் பற்றவைப்பது. 5 வோல்ட் வெளியீடு ஷார்ட் ஆகி எல்டிஓ மட்டும் தப்பித்த போர்டுகள் நிறைய உண்டு. அவைதான் எளிதில் பிழைப்பவை.

ஊதுவதற்கு முன்

பேட்டரியும் யுஎஸ்பியும் இல்லாத நிலையில் 3.3 வோல்ட் பேடுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஓம் அளவு எடுங்கள். நல்ல போர்டில் சில நூறு ஓம் முதல் சில கிலோ ஓம்வரை காட்டும். பத்து ஓமுக்குக் கீழே என்றால் ஷார்ட். அதேபோல் 5 வோல்ட் பேடிலும், பேட்டரி பேடிலும். மூன்று எண்களைக் குறித்துவிட்டால் எந்தக் கதவு உடைந்தது என்பது பாதி தெரிந்துவிடும்.

ஷார்ட் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க, கரண்ட் வரம்பு வைக்கக்கூடிய பெஞ்ச் பவர் சப்ளை வேண்டும். 1 வோல்ட், 500 மில்லி ஆம்பியர் என்று வைத்து அந்தப் பாதையில் செலுத்துங்கள். 3.3 வோல்ட் பாதையில் 3.3க்கு மேல் எக்காரணம் கொண்டும் ஏற்றக்கூடாது. போர்டின்மேல் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலை மெல்லப் பூசினால், எந்தப் பாகத்தின் மேல் முதலில் உலர்கிறதோ அதுதான் குற்றவாளி. ஒற்றைச் செராமிக் கெபாசிட்டர் விரிசல்விட்டு ஷார்ட் ஆகியிருந்தால் அதைக் கழற்றினாலே போதும். அடுத்தடுத்து நாலைந்து இருக்கும் இடத்தில் ஒன்று குறைந்தால் போர்டு கண்டுகொள்ளாது. ப்ராசசரின் முதுகில் உலர்ந்தால், வேறு போர்டு பார்க்கலாமா என்று யோசிக்க வேண்டிய நேரம்.

எல்டிஓ: 858டிக்கு ஏற்ற வேலை

ஐந்து கால் கொண்ட எல்டிஓக்களில் எம்இ6211, ஆர்டி9013, ஏபி2112கே மூன்றும் கால் வரிசையில் ஒன்றே: 1 உள்ளீடு, 2 கிரவுண்ட், 3 எனேபிள், 4 சும்மா, 5 வெளியீடு. 3.3 வோல்ட் வகையாக இருந்தால் ஒன்றின் இடத்தில் மற்றதைப் போடலாம். முதல் இரண்டும் 500 மில்லி ஆம்பியர் தரும், மூன்றாவது 600. மூன்று கால் கொண்டதில் '662கே' என்று அச்சிட்டிருந்தால் அது எக்ஸ்சி6206 வகை. 1 கிரவுண்ட், 2 வெளியீடு, 3 உள்ளீடு, 200 மில்லி ஆம்பியர். மூன்று கால் வகைகளில் கால் வரிசை பாகத்துக்குப் பாகம் மாறும் என்பதால் டேட்டாஷீட்டைப் பார்க்காமல் போடாதீர்கள்.

ரப்பர் குஷன்களை முதலில் உருவி எடுத்துவிடுங்கள். யுஎஸ்பி சாக்கெட், ஜேஎஸ்டி கனெக்டர், பூட் பட்டன் எல்லாவற்றின் மேலும் சூடு தாங்கும் காப்டன் டேப். டேப் மட்டும் பிளாஸ்டிக்கை முழுக்கக் காக்காது, மேலே அலுமினிய ஃபாயில் ஒரு சுற்று போட்டால் தைரியமாக ஊதலாம். பேரோமீட்டரை மறக்கவே கூடாது. பிஎம்பி280 போன்றவற்றின் மூடியில் ஊசி முனை அளவில் ஒரு துளை இருக்கும். அதற்குள் ஃப்ளக்ஸ் (சால்டர் நன்றாகப் பிடிக்கத் தடவும் பசை) போனால் அந்தச் சிப்பின் உயர அளவு அதன்பின் நம்பகமாக இராது.

ஜெல் ஃப்ளக்ஸ் ஒரு கடுகளவு. 5 மில்லிமீட்டர் நாசில், காற்று கால்வாசி, எண் 350. முதலில் நாலு சென்டிமீட்டர் உயரத்தில் முப்பது நொடி போர்டு முழுக்க வட்டமாக ஊதுங்கள். நடுவில் கிரவுண்ட் தகடுகள் கொண்ட பல அடுக்குப் போர்டு, சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பிறகு ஒரு சென்டிமீட்டருக்கு இறங்கினால் பதினைந்து, இருபது நொடியில் ஃப்ளக்ஸ் நுரைத்து அடங்கி, சால்டர் மங்கலிலிருந்து பளபளப்புக்கு மாறும். ட்வீசரால் லேசாகத் தட்டிப் பாருங்கள். பாகம் நகர்ந்து தானே பழைய இடத்துக்குத் திரும்பினால் எல்லாக் காலும் உருகிவிட்டது, தூக்கலாம். திரும்பாமல் பிடிவாதம் பிடித்தால் இழுக்கக் கூடாது. பேட் உரிந்து வருவது அந்த இழுப்பில்தான். காற்றைப் பாதிக்கு மேல் வைத்தால் பக்கத்திலிருக்கும் 0402 அளவுள்ள மிகச் சிறிய கெபாசிட்டர்கள் அரிசி உமி போலப் பறக்கும், எது எங்கிருந்தது என்று பிறகு சொல்ல ஆளிருக்காது. வேலைக்கு முன் ஒரு தெளிவான புகைப்படம் எடுத்து வைப்பது நல்லது.

புதியதைப் போடும் முன், யாரும் தவறவிடக் கூடாத சோதனை ஒன்று. எல்டிஓ கழன்ற நிலையில், அதன் வெளியீட்டுப் பேடில் பெஞ்ச் சப்ளையிலிருந்து 3.3 வோல்ட் கொடுங்கள், வரம்பு 300 மில்லி ஆம்பியர். கிரவுண்டை இணைத்து, பூட் பட்டனை அழுத்தியபடி யுஎஸ்பியையும் செருகுங்கள். எல்டிஓ இல்லாததால் கம்ப்யூட்டரின் 5 வோல்ட் 3.3 பாதைக்குள் வராது, டேட்டா மட்டும் போகும். ப்ராசசர் உயிரோடு இருந்தால் டிஎஃப்யு (யுஎஸ்பி வழியாக ஃபர்ம்வேர் ஏற்றும்) முறையில் 'எஸ்டிஎம்32 பூட்லோடர்' என்று கம்ப்யூட்டரில் தெரியும், அதன் யுஎஸ்பி எண் 0483:டிஎஃப்11. தெரியவில்லையென்றால் எஃப்405க்குப் பக்கத்திலிருக்கும் இரண்டு 2.2 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்களில் வோல்ட்டேஜ் பாருங்கள். அவை ப்ராசசரின் 31, 47ஆம் கால்களோடு இணைந்தவை. சுமார் 1.2 வோல்ட் இருந்தால் உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் வேலை செய்கிறது, கோளாறை யுஎஸ்பி பாதையில் தேடலாம். அதுவும் இல்லாமல் சிப் சுட்டால், புதிய எல்டிஓவை வீணாக்க வேண்டாம்.

எல்டிஓ கழற்றாமல் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். வெளியீட்டிலிருந்து மின்சாரம் பின்னோக்கிப் பாய்ந்து 5 வோல்ட் பாதைவரை போகும், அளவுகள் எல்லாம் குழம்பும்.

பக் கன்வெர்ட்டர்

யுஎஸ்பியில் எல்லாம் சரியாக ஓடுகிறது, பேட்டரியில் மட்டும் செத்துக் கிடக்கிறது என்றால் பக் கன்வெர்ட்டர்தான். சிப் பெரும்பாலும் மூன்று மில்லிமீட்டருக்குள் அடங்கும், பக்கத்தில் '4ஆர்7', '100' என்று எழுதிய இண்டக்டர். அதைப் புதிதாகப் போட முயல்வதைவிட, பழைய சிப்பையும் இண்டக்டரையும் ஊதிக் கழற்றிவிட்டு 5 வோல்ட், 3 ஆம்பியர் தரும் தனி பிஇசி (சின்ன ரெகுலேட்டர் போர்டு) ஒன்றை 5 வோல்ட் பேடில் கொடுப்பதே எங்கள் பரிந்துரை. சிப்பின் மேல் அச்சு பாதி நேரம் படிக்க முடியாது, படித்தாலும் அதே எழுத்துகள் இரண்டு கம்பெனி சிப்களில் இருக்கும். பிஇசி ஆறேழு கிராம் கூடும், அவ்வளவுதான். பேட்டரி வோல்ட்டேஜ் அளக்கும் ரெசிஸ்டர் பாதை தனி என்பதால் அந்த அளவு வழக்கம்போல வரும். பிஇசியை இணைக்கும் முன் 5 வோல்ட் பாதையில் ஷார்ட் இல்லை என்பதை மறுபடி ஒருமுறை பாருங்கள்.

இண்டக்டரைக் கழற்ற 858டி சற்றுத் திணறும். 380க்கு ஏற்றி, 8 மில்லிமீட்டர் நாசில் மாட்டி, இரு முனையிலும் முதலில் ஈய சால்டரைச் சேர்த்துவிட்டால் இறங்கி வரும்.

ஜைரோ

ஐசிஎம்-42688-பி, பிஎம்ஐ270 இரண்டுமே 2.5க்கு 3 மில்லிமீட்டர், 14 பேட், எல்லாம் வயிற்றுக்கடியில். சால்டரிங் இரும்பால் தொட வழியில்லை, ஹாட் ஏர் இல்லாமல் இது ஆகாத வேலை. பழையதைக் கழற்றியபின் பேடுகளை விக்கால் (சால்டரை உறிஞ்சும் செம்புப் பின்னல்) சமப்படுத்தி, 63/37 ஈயத்தை மெல்லிய படலமாக ஏற்றுங்கள். மேடு தட்டினால் சிப் ஒருபக்கம் சாய்ந்து உட்காரும். ஒன்றாம் காலைக் காட்டும் புள்ளியைப் பார்த்து வைத்து, காற்றைக் குறைத்து ஊதினால் சால்டர் உருகும்போது சிப் தானே இழுபட்டு நடுவில் அமரும். அந்த அசைவு ஒரு நொடிதான். அதைப் பார்த்தபின் இன்னும் ஐந்து நொடி, பிறகு நிறுத்திவிடலாம். மேலிருந்து அழுத்தக் கூடாது.

138 டிகிரியில் உருகும் பிஸ்மத் சால்டர் பேஸ்டை இங்கே பயன்படுத்தச் சிலர் சொல்வதுண்டு. கழற்றுவதற்கு அது அருமை. ஆனால் நிரந்தர இணைப்பாக விட்டால், அதிர்விலும் விழுந்த அடியிலும் எளிதில் விரிசல்விடும். கழற்றியபின் ஒரு துளி கூட மிச்சமில்லாமல் வழித்துவிட்டு ஈயம் போடுங்கள். இன்னொரு தவறு, வேலை முடிந்த போர்டை அல்ட்ராசோனிக் தொட்டியில் கழுவுவது. ஜைரோவுக்குள் இருப்பது நுண்ணிய அதிரும் அமைப்பு, அந்த அதிர்வு அதை முறித்துவிடும். ஆல்கஹாலும் பிரஷும் போதும்.

போர்டில் ஓடும் ஃபர்ம்வேரான பீட்டாஃப்ளைட்டின் சிஎல்ஐயில் (கட்டளை தட்டும் திரை) 'ஸ்டேட்டஸ்' கொடுத்தால் ஜைரோ தெரிகிறதா என்று சொல்லிவிடும். இல்லையென்றால் அதற்கென்று தனி எல்டிஓ இருக்கிறதா என்று பாருங்கள், சில போர்டுகளில் இருக்கும். வந்துவிட்டால் ஆக்சிலரோமீட்டரை மறுபடி கேலிப்ரேட் செய்ய வேண்டும்.

ப்ராசசர்

64 கால், பத்து மில்லிமீட்டர் சதுரம், காலுக்குக் கால் அரை மில்லிமீட்டர். 10 மில்லிமீட்டர் நாசிலோடு நாலு பக்கமும் சுற்றிச் சுற்றி ஒன்றரை நிமிடம்வரை ஊத வேண்டியிருக்கும். 858டியின் அசல் பலவீனம் இங்கே தெரிகிறது. கைப்பிடி பருமன், ஒயர் விறைப்பு, அவ்வளவு நேரம் ஒரே உயரத்தில் பிடிக்கக் கை வலிக்கும். உயரம் தவறினால் ஒரு மூலை உறைந்துவிடும். போர்டை அடியிலிருந்து 120 டிகிரி வாக்கில் சூடாக வைத்திருக்க ஏதாவது வழி இருந்தால் நேரம் பாதியாகும். புதியதைப் போடுவதற்கு ஹாட் ஏர் வேண்டாம். மூலைகளில் இரண்டு காலைப் பிடிக்கவைத்து, நிறைய ஃப்ளக்ஸ் போட்டு இரும்பை இழுத்துக்கொண்டே போவது சுத்தமாக வரும்.

வெற்றுச் சிப்பிலும் பூட்லோடர் ரோமிலேயே இருப்பதால் தனி ப்ரோகிராமர் தேவையில்லை. பூட்டை அழுத்தி யுஎஸ்பி செருகி, போர்டுக்கு உரிய ஃபர்ம்வேரை (டார்கெட்) ஏற்றலாம். பழைய செட்டிங் எல்லாம் போயிருக்கும். எப்போதோ சிஎல்ஐயில் 'டிஃப் ஆல்' கொடுத்துச் செட்டிங்கை எடுத்துச் சேமித்திருந்தால் அது இப்போது உதவும். செலவுக் கணக்கில் இந்த வேலை அரிதாகவே கட்டுப்படியாகும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கிடைக்காத போர்டு, அல்லது கை பழக வேண்டும் என்ற ஆசை, இரண்டில் ஒன்று இருந்தால் செய்யுங்கள்.

முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது

கம்ப்யூட்டரில் நேராகச் செருகாதீர்கள். 5 வோல்ட் பேடில் பெஞ்ச் சப்ளை, வரம்பு 300 மில்லி ஆம்பியர். பொதுவாக எஃப்4 போர்டு 100 முதல் 200வரை எடுக்கும். வரம்பைத் தொட்டு நின்றால் இன்னும் ஷார்ட் இருக்கிறது. 3.3 சரியாக வந்து ஐந்து நிமிடம் எதுவும் சுடவில்லையென்றால் யுஎஸ்பி. அடுத்துதான் பேட்டரி, அதுவும் ப்ரொப்பெல்லர் இல்லாமல், நடுவில் கரண்ட்டை மட்டுப்படுத்தும் ஸ்மோக் ஸ்டாப்பர் வைத்து. 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றைத் தொடராக இணைத்தால் 3எஸ் பேட்டரிக்கு அதுவே ஸ்மோக் ஸ்டாப்பர். 6எஸ்ஸுக்கு இரண்டு பல்புகளைத் தொடராகப் போடுங்கள். கெபாசிட்டர் நிரம்பும்போது பல்பு ஒரு முறை மின்னி அணைந்தால் நல்லது, எரிந்துகொண்டே நின்றால் உடனே கழற்றுங்கள்.

எல்லாம் ஓடியபின் ஈஎஸ்சியின் பேட்டரி பேடில் 35 வோல்ட், 1000 மைக்ரோஃபாரட் லோ-ஈஎஸ்ஆர் கெபாசிட்டர் ஒன்றைக் கால்களை முடிந்த மட்டும் குட்டையாக வெட்டிப் பற்றவைத்துவிடுங்கள். அந்தப் பேடுக்கு 858டியை எடுக்காதீர்கள். அது பெரிய முனை கொண்ட இரும்பு செய்ய வேண்டிய வேலை.